டாக்சிகளைக் கூட்டும் தீர்மானம்: எத்தனை என்பதற்கு முன் நகர மன்றம் கேட்க வேண்டிய கேள்வி

பதிவு 1 – இழையைத் தொடங்கியவர்

டாக்சி பர்மிட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டும் தீர்மானம் ஒரு நகர மன்றத்தின் முன் வரும்போதெல்லாம் வாதம் ஒரே தடத்தில் ஓடுகிறது. மழை பெய்தால் வண்டி கிடைப்பதில்லை, இரவு வெகுநேரம் ஆனபின் நிறுத்தத்தில் ஆளே இல்லை என்று பயணிகளும் விடுதி நடத்துபவர்களும் முறையிடுகிறார்கள். இருக்கிற வண்டிகளுக்கே சவாரி போதவில்லை என்று பர்மிட் வைத்திருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். மன்ற உறுப்பினர்கள் இரு தரப்புக்கும் நடுவில் ஓர் எண்ணைப் பிடித்து, அதைச் சமரசம் என்று அறிவித்துவிட்டுக் கலைகிறார்கள். எண்ணைப் பற்றிய இந்தப் பேரமே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து. அதைப் பேசத்தான் இந்த இழை.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 6 லட்சம் பேர் வாழும் அந்த நகரில், 1990களின் தொடக்கத்தில் வந்த ஒரு நகராட்சி விதி, புதிய டாக்சி பர்மிட் வழங்குவதையே நிறுத்தியது. வண்டிகள் சுமார் 320 என்ற அளவில் நின்றுபோயின. நகராட்சிக்குச் சிறு கட்டணம் செலுத்திப் பெறும் அந்தக் காகிதம், 2013 வாக்கில் கைமாறும்போது 1,50,000 டாலர் வரை விலைபோனது. பர்மிட் வாங்க வழியில்லாமல் மற்றவர் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013-இல் நீதிமன்றம் அந்த உச்சவரம்பு மாநில அரசியலமைப்புக்குப் புறம்பானது என்றது. மன்றம் முதலில் 100 பர்மிட்டுகளைக் கூட்டிப் பார்த்தது. அதற்கும் சச்சரவு ஓயாமல், 2014-இல் உச்சவரம்பையே நீக்கியது.

இதில் என் கவனத்தை இழுப்பது 320 போதுமா, 420 போதுமா என்பதன்று. நகராட்சி கொடுத்த அனுமதி ஒன்று, வீட்டுமனையைப் போல விலையேறி, விற்கவும் வாடகைக்கு விடவும் அடகு வைக்கவும் கூடிய சொத்தாக எப்படி ஆனது? அந்த மாற்றத்தை எந்த மன்றமும் வாக்கெடுத்து முடிவு செய்யவில்லை. எண்ணைப் பூட்டி வைத்தார்கள், மற்றது தானாக நடந்தது. ஆகவே, கூட்டுவதா வேண்டாமா என்று கேட்பதற்கு முன், பர்மிட் யாருடையது என்று மன்றம் கேட்க வேண்டும் என்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத வேண்டும்.

பதிவு 2 – முன்னாள் டாக்சி ஓட்டுநர்

நான் பல ஆண்டுகள் டாக்சி ஓட்டியவன். தாங்கள் எழுதியதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியில், உச்சவரம்பு ஏன் வந்தது என்பதைத் தாங்கள் தொடாமலே கடந்துவிட்டீர்கள்.

நியூயார்க்கில் 1937-இல், டாக்சி உரிமங்களுக்கு வரம்பு கட்டிய ஹாஸ் சட்டம் வந்த சூழலை நினைவுகூர வேண்டும். பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்கள் கூட்டங்கூட்டமாக டாக்சி ஓட்ட வந்தார்கள். கட்டணத்தை ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டார்கள். நாள் முழுதும் ஓட்டியும் வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சவில்லை. 1934-இல் ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம் தெருக்கலவரமாகவே வெடித்தது. அந்த அனுபவத்தின் பின்னரே, இனிப் புதிய உரிமம் இல்லை என்ற முடிவு வந்தது. அது பேராசையில் பிறந்த சட்டம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

டாக்சித் தொழிலின் கணக்கு வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. வண்டித் தவணை, காப்பீடு, பராமரிப்பு ஆகியவை சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியே தீர வேண்டியவை. வாடகை வண்டியாக இருந்தால், ஷிப்டு தொடங்குமுன்பே அன்றைய வாடகை தலையில் ஏறிவிடுகிறது. முதல் ஐந்தாறு மணி நேரம் உரிமையாளருக்காக ஓட்டி, அதற்குப் பிறகு வருவதைத்தான் தன் கூலி என்று ஓட்டுநர் எண்ண முடியும். வண்டிகள் இரு மடங்கானால் சவாரிகள் இரு மடங்காவதில்லை. சவாரிக்கும் சவாரிக்கும் நடுவே காலியாகச் சுற்றும் நேரம்தான் நீளும். அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. குறைந்த வருமானத்தை ஈடுகட்ட ஓட்டுநர் கூடுதல் மணி நேரம் ஓட்டுவார், அதனால் தெருவில் வண்டிகள் இன்னும் கூடும்.

சியாட்டில் நகரம் 1979-இல் உச்சவரம்பையும் கட்டண ஒழுங்கையும் ஒருசேர நீக்கியது. புதிதாக வந்த வண்டிகளில் பெரும்பாலானவை, தொலைபேசியில் அழைக்கும் குடியிருப்புப் பகுதிகளுக்குப் போகவில்லை. விமான நிலையத்திலும் விடுதி வாசல்களிலும் நீண்ட வரிசையில் நின்றன. வரிசையில் நெடுநேரம் காத்தவர் குறுந்தூரச் சவாரியை மறுத்தார், ஏறியவரிடம் கூடுதலாகக் கேட்டார். வரிசையின் முதல் வண்டியில் ஏறும் பயணி பத்து வண்டிகளிடம் விலை விசாரிப்பதில்லை. அதனால் போட்டி கட்டணத்தைக் குறைக்கவில்லை. 1984-இல் அந்நகரம் மீண்டும் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. இதையும் சேர்த்துப் பேசுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பதிவு 3 – இழையைத் தொடங்கியவர்

சியாட்டிலைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. அதை விட்டுவிட்டது என் பதிவின் குறை. கட்டண ஒழுங்கையும் எண்ணிக்கை ஒழுங்கையும் ஒரே மூச்சில் கைவிடக் கூடாது என்பதற்கு அது நல்ல சான்று. நிறுத்தத்தில் ஏறும் பயணிக்கு மீட்டரும் நிர்ணயித்த கட்டணமும் இருந்தே ஆக வேண்டும். அதில் நமக்குள் வேறுபாடு இல்லை.

ஆனால் நியூயார்க்கின் கதையை 1937-இல் நிறுத்திவிடாமல் அதன் முடிவு வரை படித்துப் பார்க்க வேண்டுகிறேன். அந்நகரின் மெடாலியன்கள், அதாவது வண்டியின் முன்மூடியில் பதிக்கும் உரிமத் தகடுகள், 11,787 என்ற எண்ணில் 1996 வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அசையாமல் நின்றன. ஓட்டுநரைக் காக்க வந்த அந்த எண், காலப்போக்கில் ஓட்டுநரிடமிருந்து விலகிப் போயிற்று. 1979-இல் மெடாலியனை ஷிப்டுக்கு வாடகைக்கு விடும் முறைக்கு அனுமதி கிடைத்தது. அதற்குமுன் வசூலில் பங்கு பெற்ற தொழிலாளியாக இருந்தவர், அதற்குப்பின் வாடகை கட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்பவராக மாறினார். தாங்கள் சொன்ன அந்த முதல் ஐந்தாறு மணி நேரம் யாருக்காக ஓடியது என்று எண்ணிப் பாருங்கள். உச்சவரம்பு உருவாக்கிய பற்றாக்குறையின் பலன் மெடாலியனின் விலையில் போய்ச் சேர்ந்தது. அந்த விலையை வாடகையாகக் கட்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர்தான்.

2013, 2014 வாக்கில் ஒரு மெடாலியனின் விலை 10 லட்சம் டாலரைத் தாண்டியது. நகரமே புதிய மெடாலியன்களை ஏலத்தில் விட்டு வருவாய் ஈட்டியது, இது நல்ல முதலீடு என்று விளம்பரமும் செய்தது. வாழ்நாள் முழுதும் வாடகை வண்டி ஓட்டிய பலர், இனியாவது சொந்தமாக ஓட்டலாம் என்று பெருங்கடன் வாங்கி அதில் இறங்கினார்கள். செயலி வழி வண்டிகள் வந்த சில ஆண்டுகளில் விலை 2 லட்சம் டாலருக்கும் கீழே சரிந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. 2018-இல் அந்நகரில் ஓட்டுநர்கள் சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 2021 இலையுதிர் காலத்தில் ஓட்டுநர்கள் 15 நாள் உண்ணாவிரதம் இருந்த பின்னரே, கடனை 1,70,000 டாலராகக் குறைத்து அதற்கு நகரம் உத்தரவாதம் தருவது என்ற உடன்பாடு ஏற்பட்டது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஓர் எண்ணைப் பூட்டி வைத்ததோடு நிற்காமல் அதை விற்கவும் அனுமதித்த முடிவுக்கு, அந்த முடிவு எடுத்தபோது பிறந்தே இராதவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

பதிவு 4 – புதிய உறுப்பினர்

இருவர் வாதத்தையும் படித்தேன். ஒரு கேள்வி மட்டும். பர்மிட் யாருடையது என்பதை எப்படித் தீர்த்தாலும், ஒரு நாள் மன்றம் ஓர் எண்ணுக்கு வந்துதானே ஆக வேண்டும்? நகரத்துக்கு எத்தனை டாக்சி தேவை என்பதை எவ்வாறு அளக்கிறார்கள்? மக்கள்தொகையை வகுத்து ஆயிரம் பேருக்கு ஒன்று என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது நம்பத்தகுந்ததாகத் தெரியவில்லை.

பதிவு 5 – போக்குவரத்துத் திட்டமிடலில் பணியாற்றுபவர்

உங்கள் ஐயம் நியாயமானது. மக்கள்தொகைக் கணக்கு ஏறக்குறைய பயனற்றது. ஒரே அளவுள்ள இரண்டு நகரங்களில் ஒன்றில் ரயில் நள்ளிரவு வரை ஓடலாம், மற்றொன்றில் மாலையோடு நின்றுவிடலாம். ஒன்றில் விமான நிலையம் இருக்கலாம், மற்றொன்றில் இல்லாதிருக்கலாம்.

இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே உள்ள உள்ளாட்சி மன்றங்களுக்கு 1985-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் ஒரு சோதனையை விதித்தது. நிறைவேறாமல் நிற்கும் தேவை குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்று மன்றம் மனநிறைவு அடைந்தால் மட்டுமே, எண்ணிக்கையைக் காரணம் காட்டி உரிமத்தை மறுக்கலாம். இதன் சிறப்பு, நிரூபிக்கும் பொறுப்பு யார் மேல் விழுகிறது என்பதில் இருக்கிறது. கூடுதல் வண்டி வேண்டும் என்று பயணி நிரூபிக்கத் தேவையில்லை, வேண்டாம் என்று சொல்லும் மன்றம்தான் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அதனால் உச்சவரம்பை வைத்திருக்க விரும்பும் மன்றங்கள் அவ்வப்போது கள ஆய்வு நடத்துகின்றன. நிறுத்தங்களில் ஆட்களை நிறுத்தி, எந்த மணி நேரத்தில் வண்டிகள் பயணிகளுக்காகக் காத்தன, எந்த மணி நேரத்தில் பயணிகள் வண்டிகளுக்காகக் காத்தார்கள் என்று எண்ணுகிறார்கள்.

இந்த முறைக்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. பலமுறை காத்து ஏமாந்து, இனி டாக்சியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் நிறுத்தத்துக்கு வருவதில்லை. ஆகவே எந்தக் கணக்கிலும் அவர் வரமாட்டார். சக்கர நாற்காலியில் செல்பவரின் நிலையும் இதேதான். சராசரிக் காத்திருப்பு நேரம் 4 நிமிடம் என்று அறிக்கை சொல்லும். அவரை ஏற்றக்கூடிய வண்டி அன்று அந்த நிறுத்தத்துக்கு வரவே இல்லை என்பதைச் சொல்லாது. அயர்லாந்து 2010-இல் புதிய டாக்சி உரிமங்களை நிறுத்தியபோதும், சக்கர நாற்காலி ஏற்றும் வசதியுள்ள வண்டிகளுக்கு மட்டும் வாசலைத் திறந்தே வைத்தது. எண்ணிக்கை விவாதத்தில் இந்த ஒன்றை முதலில் தனியாகப் பிரித்துவிடுவது எல்லா மன்றங்களுக்கும் நல்லது.

இன்னொன்று. பற்றாக்குறை நாள் முழுதும் பரவியிருப்பதில்லை. வார இறுதியில் நள்ளிரவை ஒட்டிய இரண்டு மூன்று மணி நேரம், மழை பெய்யும் மாலை, விழா நாட்கள் ஆகியவற்றில்தான் அது குவிகிறது. அந்த மூன்று மணி நேரத்துக்காக 24 மணி நேரமும் ஓடக்கூடிய பர்மிட்டைக் கூட்டினால், மற்ற நேரத்தில் ஓட்டுநர் சொன்ன அந்தக் காலி ஓட்டம்தான் பெருகும். உச்ச நேரத்துக்கு மட்டுமான பர்மிட் என்பது கண்காணிக்கச் சற்றுக் கடினமானதுதான். ஆனாலும் எண்ணைப் பற்றிச் சண்டையிடும் மன்றங்கள் நேரத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகின்றன என்பதைக் கண்டு நான் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

பதிவு 6 – பர்மிட் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர்

இதுவரை எழுதியவர்களில் யாரும் என் தந்தையைப் போன்றவர்களின் பக்கத்திலிருந்து எழுதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் தந்தை இருபத்தைந்து ஆண்டுகள் வாடகை வண்டி ஓட்டிச் சேர்த்த பணத்தில், சட்டப்படி, முழு விலை கொடுத்து ஒரு பர்மிட் வாங்கினார். அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. முதுமையில் அதை வாடகைக்கு விட்டோ விற்றோ பிழைக்கலாம் என்பதே அவருடைய ஒரே ஏற்பாடு. உரிமையாளர் பெயரை மாற்றிக் கொடுத்ததும் மாற்றுக் கட்டணம் வாங்கிக்கொண்டதும் முத்திரை வைத்ததும் உள்ளாட்சி அலுவலகம்தான். அன்று இதை யாரும் வெறும் காகிதம் என்று அவரிடம் சொல்லவில்லை. இன்று சொல்கிறார்கள்.

சட்டம் எங்களுக்குத் துணை நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். மினியாபொலிஸ் நகர மன்றம் 2006-இல், 343 என்றிருந்த உச்சவரம்பைப் படிப்படியாக விலக்கி 2010-க்குள் முற்றாக நீக்க முடிவெடுத்தது. பர்மிட் உரிமையாளர்கள் எங்கள் சொத்து பறிபோகிறது என்று வழக்காடினார்கள். 2009-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. செயலி வண்டிகளுக்கு நகரம் இடம்கொடுத்ததை எதிர்த்து டாக்சி உரிமையாளர்கள் தொடுத்த சிகாகோ வழக்கில் 2016-இல் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் இன்னும் தெளிவாகவே எழுதினார். ஒரு தொழிலை நடத்தும் உரிமம், அந்தத் தொழிலில் போட்டியே வராமல் தடுக்கும் உரிமையைத் தருவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். காப்பிக் கடைக்கு உரிமம் பெற்றவர், தேநீர்க் கடை வருவதைத் தடுக்க முடியாது என்று அவர் உவமையும் காட்டினார். தர்க்கத்தில் குறையில்லை. ஆனால் காப்பிக் கடைக்காரரிடம், இந்த ஊரில் இனிக் கடைக்கு அனுமதியே கிடையாது என்று சொல்லி, அந்த நம்பிக்கையில் பத்து மடங்கு விலைக்குக் கடையை வாங்க விட்டுவிட்டு, மறுநாள் எதிரில் கடைகளைத் திறக்கவில்லை அல்லவா?

டப்ளினில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, சில வாரங்களுக்குள் யார் வேண்டுமானாலும் உரிமம் பெறலாம் என்றாயிற்று. சில ஆண்டுகளில் வண்டிகள் மூன்று மடங்கானதைப் பயணிகள் வரவேற்றார்கள், அதில் நியாயமும் உண்டு. உரிமத்தில் சேமிப்பைப் போட்டவர்களுக்காகப் பின்னர் இன்னல் விசாரணைக் குழு ஒன்றை அரசு அமைத்தது. அது பரிந்துரைத்த தொகைகள் 3,000 யூரோவிலிருந்து 15,000 யூரோ வரை இருந்தன. இழந்ததோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான். ஆயினும், உன் இழப்பு எங்கள் கண்ணில் படுகிறது என்று ஓர் அரசு சொன்னதற்கு நான் மதிப்பளிக்கிறேன்.

பதிவு 7 – இழையைத் தொடங்கியவர்

உங்கள் பதிவுக்கு உடனே மறுமொழி எழுத என்னால் இயலவில்லை, இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். நான் முதல் பதிவில் பர்மிட் வைத்திருப்பவர்கள் என்று எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்கியது தவறு. ஐம்பது பர்மிட்டுகளை வாடகைக்கு விட்டு வாழும் நிறுவனமும், ஒன்றை வாங்கித் தானே ஓட்டிய உங்கள் தந்தையும் மன்றத்தின் முன் ஒரே மேசையில் அமரவைக்கப்படுகிறார்கள். பெரும்பாலும் பின்னவரின் துயரத்தைக் காட்டி முன்னவரின் ஆதாயம் காக்கப்படுகிறது.

பொருளியலாளர் கார்டன் டல்லாக் 1975-இல் இந்தச் சிக்கலுக்கு இடைக்கால ஆதாயப் பொறி என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டினார். சலுகை முதலில் யாருக்குக் கிடைத்ததோ அவர்கள் ஆதாயத்தை விலையாக்கி விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்து வாங்கியவர் முழு விலை கொடுத்திருப்பதால் அவருக்குச் சாதாரண வருமானம்தான் கிடைக்கிறது, சலுகையை நீக்கினாலோ அவர்தான் அழிகிறார். உங்கள் தந்தை நின்றது அந்த இடத்தில்தான். இந்தப் பொறிக்குள் ஒரு நகரம் புதிதாக நுழையாமல் இருப்பது எளிது, நுழைந்தபின் யாரையும் காயப்படுத்தாமல் வெளியேறும் வழி இதுவரை எனக்குத் தென்படவில்லை.

நுழையாமல் இருக்க முயன்ற நகரமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய விதிப்படி, பர்மிட்டை விற்க முடியாது. வைத்திருப்பவர் ஆண்டுக்குக் குறிப்பிட்ட அளவு தானே ஓட்டியாக வேண்டும். அவர் தொழிலை விட்டால் பர்மிட் நகரத்துக்குத் திரும்பும், காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். முறையில் குறைகள் இருந்தன. பட்டியலில் காத்திருந்தவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்தார்கள், முதுமையால் ஓட்ட முடியாதவர்கள் பர்மிட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அடிப்படை சரியாக இருந்தது. 2010-இல், நிதி நெருக்கடியின் நடுவில், அந்நகரமே பர்மிட்டுகளை 2,50,000 டாலருக்கு விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. செயலி வண்டிகள் அந்நகரிலேயே பிறந்து பெருகிய ஆண்டுகள் அவை. கடன் வாங்கி வாங்கிய நூற்றுக்கணக்கானோர் பர்மிட்டைக் கடன்காரரிடம் இழந்தார்கள். முப்பது ஆண்டு காத்துவந்த நல்ல விதியை ஒரு வரவு செலவுத் திட்டத்துக்காக விட்டுக்கொடுத்த அந்த முடிவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே என் நிலைப்பாட்டைத் திருத்தி எழுதுகிறேன். மன்றம் புதிதாக வழங்கும் ஒவ்வொரு பர்மிட்டும் ஓட்டுபவரின் பெயரில், கைமாற்ற முடியாததாக இருக்க வேண்டும். பழைய பர்மிட்டுகளில், தானே ஓட்டும் அல்லது ஓட்டி ஓய்ந்த ஒற்றை உரிமையாளர்களுக்கு, மன்றம் கூட்டும் எண்ணிக்கையிலிருந்து வரும் ஆண்டுக் கட்டணத்தைக் கொண்டு ஒரு நிதியை ஒதுக்க வேண்டும். பல பர்மிட்டுகளை வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. எண்ணிக்கையை ஒரே நாளில் திறந்துவிடாமல் மினியாபொலிஸைப் போலச் சில ஆண்டுகளில் பரப்பலாம்.

பதிவு 8 – முன்னாள் டாக்சி ஓட்டுநர்

இந்த வடிவத்தில் தாங்கள் சொன்னால் நான் கையொப்பம் இடுவேன், ஒரு நிபந்தனையோடு. சான் டியேகோவில் 2014 நவம்பரில் உச்சவரம்பை நீக்க மன்றம் வாக்களித்தபோது, அதைக் கேட்டுப் போராடியவர்களே வாடகை வண்டி ஓட்டுநர்கள்தாம் என்பதை நான் பிறகுதான் படித்து அறிந்தேன். வாடகை கட்டியே வாழ்நாளைக் கழிப்பதை விடச் சொந்தப் பர்மிட்டில் குறைவாகச் சம்பாதித்தாலும் போதும் என்று அவர்கள் கேட்டதில் எனக்கு வியப்பில்லை. என் காலத்தில் அப்படி ஒரு வாய்ப்பு வந்திருந்தால் நானும் அவர்களோடு நின்றிருப்பேன்.

நிபந்தனை செயலி வண்டிகளைப் பற்றியது. டாக்சிக்கு எண்ணிக்கையும் கட்டணமும் நிர்ணயித்துவிட்டு, அதே தெருவில் அதே பயணியை ஏற்றும் செயலி வண்டிக்கு இரண்டும் இல்லை என்றால், மன்றம் டாக்சியைப் பற்றி எடுக்கும் எந்த முடிவுக்கும் பொருள் இல்லை. நியூயார்க்கில் செயலி வண்டிகள் உள்ளிட்ட மற்ற வாடகை வாகனங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிய பின்னர், 2018 ஆகஸ்டில்தான் புதிய உரிமங்களை ஓராண்டுக்கு நிறுத்திவைக்க அந்நகர மன்றம் வாக்களித்தது. 13,587 டாக்சிகளின் எண்ணிக்கையை அத்தனை கவனமாக எண்ணிய நகரம், பக்கத்தில் ஒரு லட்சம் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. மன்றத்துக்காகத் தாங்கள் முன்வைக்கும் தீர்மானத்தில் டாக்சி என்ற சொல் வரும் இடமெல்லாம் கட்டணத்துக்குப் பயணி ஏற்றும் எல்லா வண்டியும் என்று மாற்றி எழுதுங்கள். அப்போதுதான் எண்ணுவதற்கே ஓர் அர்த்தம் கிடைக்கும்.

பதிவு 9 – இழையைத் தொடங்கியவர்

மாற்றி எழுதிவிட்டேன். பல இடங்களில் மாநில அரசுகள் செயலி வண்டிகளின் மீதான அதிகாரத்தை நகர மன்றங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கின்றன. அங்கெல்லாம் மன்றத்துக்கு டாக்சி மட்டுமே மிஞ்சுகிறது. அத்தகைய ஊர்களில் நிறுத்தமும் விமான நிலைய வரிசையும் யாருக்கு என்பதை மட்டுமாவது மன்றம் தன் கையில் வைத்திருக்க முடியும். அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன், திட்டமிடலில் பணியாற்றும் நண்பர் அங்கே வந்து எழுத வேண்டும்.